முழுப் பேர் போடாத களம்

தோட்டத்துப் பெண்களுக்கு ‘அரைப் பேர்’ என்றால் என்னவென்று எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, அடுப்பை மூட்டி, பிள்ளையை மடுவத்தில் விட்டு, பிரட்டுக்களத்தில் நின்று, மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறிக் கொழுந்து பறித்து வந்தவளின் கூடை, துரைத்தனம் விதித்த அளவுக்கு இரண்டு கிலோ குறைந்துவிடுமானால் செக்றோலில் அவளுக்கு விழுவது அரைப் பேர். நாள் முழுவதும் உழைத்தவள் மாலையில் பாதி நாள் உழைத்தவளாகிவிடுகிறாள். இக்கணக்கின் அநீதியை ஊவா மலைநாட்டில் நாம் தலைமுறை தலைமுறையாகப் பேசி வருகிறோம். ஆனால், இதே கணக்கை நம் வீட்டுப் பெண்களின் ஆட்டத்துக்கு நாமே எழுதி வருகிறோம் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

உதைபந்தாட்டத்தையே சொல்கிறோம். பையன் பந்தை உதைத்தால் திறமை; பெண் உதைத்தால் வேடிக்கை. பையன் பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் ஆடப் போனால் தோட்டமே லொறி பிடித்துப் போகும். பெண் ஆடப் போனால், மாலை ஆறு மணிக்குள் திரும்பி விடுவாளா என்பதே முதற் கேள்வி. பாடசாலையில் ஆடிய ஆட்டம் சாதாரணதரப் பரீட்சையோடு முடிந்துவிடும். பிறகு பண்டாரவளைக் கடையொன்றில் விற்பனைப் பெண், அல்லது கொழும்புப் பக்கத்துத் தையல் ஆலை, அல்லது எவர் வீட்டிலோ சமையற்கட்டு. எல்லவிலும் தெமோதரையிலும் ஹாலி எலயிலும் பசறையிலும் பதினாறு வயதுப் பெண்ணின் முன்னே விரிந்து கிடக்கும் பாதைகள் பெரும்பாலும் இவையே. உதைபந்தாட்டம் ஒரு தொழில் என்று அவளிடம் எவரேனும் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அவளுடைய தாய் சிரிப்பாள்.

சிரிக்க வேண்டாம் என்று சொல்லவே இக்கட்டுரை. கடல் கடந்து சற்றே அப்பால், நம் முன்னோர் தலைமன்னாருக்குக் கப்பலேறிய அதே தமிழ்நாட்டில், அது தொழிலாகத்தான் இருக்கிறது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசனின் வாழ்வு அதற்குச் சான்று.

1994ஆம் ஆண்டில் பிறந்தவர் இந்துமதி. ஆடும் இடம் நடுக்களம். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் சிலிகுரியில் நடந்த தெற்காசிய வாகையர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா வங்காளதேசத்தை 3–1 என வென்றபோது, அம்மூன்றில் ஒரு கோல் இவருடைய காலிலிருந்து பிறந்தது. 2019ஆம் ஆண்டில் நேபாளத்தின் விராட்நகரில் அதே கிண்ணத்தை இந்தியா மீண்டும் வென்றது. அரையிறுதியில் வங்காளதேசத்துக்கு எதிராக இவர் இரண்டு கோல் போட்டார். அப்போட்டியில் நம் இலங்கை அணி இந்தியாவிடம் 5–0 எனத் தோற்றதையும் சேர்த்தே சொல்லிவிடுவோம், மறைப்பதில் பயனில்லை. அதே 2019இல் மதுரையைச் சேர்ந்த சேது கழகம் இந்தியப் பெண்கள் லீக் கிண்ணத்தை வென்றது. அவ்வணியிலும் இந்துமதி இருந்தார். சேது என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவரில் மூத்தோருக்கு இராமேசுவரமும் மண்டபம் முகாமும்தான் நினைவுக்கு வரும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இலட்சக்கணக்கானோர் அழுதுகொண்டு போன வழி அது. அதே பெயரில் ஒரு பெண்கள் கழகம் எழுந்து, இந்தியா முழுவதையும் வென்றது என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்றால் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

இனி, நாம் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். சேது வென்ற அந்த லீக் எத்தனை நாள் நடந்தது தெரியுமா? லுதியானா நகரில் மே 5ஆம் திகதி தொடங்கி 22ஆம் திகதி முடிந்தது. 18 நாள்! பாரதப் போரும் 18 நாள்தான். ஆனால் போர் முடிந்தபின் பாண்டவர்க்கு நாடு கிடைத்தது. 18 நாள் ஆடிய பெண்ணுக்கு மீதி 347 நாளுக்கு யார் சோறு போடுவார்? தங்கள் ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாக மாதக்கணக்கில் ஆடும் முறை அந்த லீக்குக்கு 2023–24இல்தான் வந்தது. அதுவரை, நாட்டின் முதன்மையான பெண்கள் லீக் ஒரே ஊரில் சில வாரங்களுக்குள் ஆடி முடிக்கப்பட்ட ஒன்றாகவே இருந்தது.

அப்படியானால் இந்துமதி எப்படி நிலைத்தார்? விடை அவருடைய காக்கிச் சட்டையில் இருக்கிறது. அவர் தமிழ்நாடு பொலிஸ் துறையில் உப பரிசோதகர். 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் ஊரே அடைபட்டுக் கிடந்தபோது, இந்திய அணியின் நடுக்களத்தில் நின்ற இப்பெண் சென்னைத் தெருவில் காவற்பணியில் நின்றார். மாதம் பிறந்தால் சம்பளம். போட்டி வந்தால் விடுமுறை. காலில் அடிபட்டால் வேலை போய்விடாது என்ற உறுதி. இம்மூன்றும் இருந்ததால்தான் திறமை திறமையாக நின்றது. இல்லையேல் அது பாடசாலைச் சான்றிதழோடு பெட்டிக்குள் போயிருக்கும்.

இது ஒருவர் கதை மட்டுமன்று. 2025ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் திகதி தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை 2–1 என வென்று, 2026ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிகாண் போட்டியில் ஆடி வென்று அக்கிண்ணத்துக்குள் நுழைந்தது அந்நாட்டுக்கு அதுவே முதல் முறை. இரண்டு கோல்களையும் போட்டவர் வங்காளத்துப் பெண் சங்கீதா பாஸ்போர். அவரும் நடுக்கள வீராங்கனை. அவரும் சீருடைக்காரர், எல்லைக் காவற்படையொன்றில் பணி. எனவே நாம் சொல்ல வருவது ஒன்றே: ஒரு பெண்ணை ஆட்டக்காரியாக்குவது பந்தும் காலும் மட்டும் அல்ல, பின்னால் நிற்கும் சம்பளம்.

நடுக்களம் என்பது என்ன என்று உதைபந்தாட்டம் அறியாத வாசகர்களுக்காக ஒரு சொல். பின்வரிசையார் தடுப்பர், முன்வரிசையார் கோல் போடுவர், புகழ் அவர்களுக்கு. இடையில் நிற்பவள் தடுத்ததை வாங்கி, தலையை நிமிர்த்திப் பார்த்து, போக வேண்டியவளிடம் பந்தைச் சேர்க்க வேண்டும். எதிரி பந்தைப் பறித்தால் மறுபடியும் பின்னால் ஓடி வர வேண்டும். ஓர் ஆட்டத்தில் பத்துக் கிலோமீற்றர் ஓடுவது அவளுக்குச் சாதாரணம். இவ்வளவும் செய்து முடித்தபின் மறுநாட் பத்திரிகையில் அவள் பெயர் இல்லாமலே போகலாம். இலங்கைத் தேயிலை என்று உலகெங்கும் விளம்பரம் செய்கிறார்கள். பறித்தவளின் பெயர் பெட்டியில் இருப்பதில்லை. நடுக்களத்தின் நியாயம் நம் பெண்களுக்கு அந்நியமானதன்று.

மலைப்பிள்ளைகளுக்கு மூச்சுப் பிடிப்பு இயற்கையிலேயே அதிகம், ஆயிரம் மீற்றர் உயரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், இவர்களைக் களத்தில் விட்டால் போதும் என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. அப்பேச்சில் எமக்கு நம்பிக்கை இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். மூன்று பிள்ளைகளில் ஒன்று. மலை மூச்சைக் கொடுக்கலாம். எலும்பைக் கொடுப்பது பாலும் முட்டையும். வெறும் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் தின்று வளர்ந்த பெண்ணை 90 நிமிடம் ஓடச் சொல்லிவிட்டு, ‘திறமை போதாது’ என்று தீர்ப்பெழுதுவது எந்த நீதி?

உணவுக்கு அடுத்தது நிலம். ஒரு முறையான உதைபந்தாட்டக் களம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். கணக்குப் பார்த்தால் ஒன்றே முக்கால் ஏக்கர். வெலிமடைப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் கோவாவும் போடும் நம் விவசாய அன்பர்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் எவ்வளவு என்று தெரியும். அதைச் சமநிலமாக மலையில் தேடுவது எவ்வளவு கடினம் என்பதும் தெரியும். இருக்கும் சமநிலத்தில் தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது, துரை பங்களாவும் அதன் புற்றரையும் நிற்கின்றன. பங்களா உல்லாச விடுதியாக மாறிய இடங்களில் வெளிநாட்டார் அப்புற்றரையில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். லயத்துப் பிள்ளைகள் பந்தை உதைத்தால் அது சரிவில் உருண்டு ஓடைக்குள் போகிறது.

நிலம் எவருடையது? பெருந்தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் போயிற்று. நிலம் குத்தகைக்குத்தான் போயிற்று, உரிமை அரசிடமே உள்ளது. ஆகவே ஓர் அரசு மனம் வைத்தால் தோட்டப் பிரிவுகளின் நடுவே ஒன்றே முக்கால் ஏக்கரைக் குத்தகையிலிருந்து மீட்டு, பாடசாலையின் பெயரில் எழுதிக் கொடுக்க முடியும். அமைச்சரவை கவிழ்ந்துவிடாது, தேயிலை ஏற்றுமதி நின்றுவிடாது. மாகாண சபையும் பிரதேச சபையும் இதைக் கேட்டு எழுதலாம். தேர்தல் காலத்தில் ஒரு பந்தும் பதினொரு சட்டையும் கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் பெருமக்கள், அந்தப் பந்தை எங்கே வைத்து உதைப்பது என்பதையும் அன்புகூர்ந்து சொல்லிவிட்டுப் போகலாமே!

‘நாட்சம்பளத்துக்கே வழியில்லாத இடத்தில் ஆட்டம் ஒரு கேடா?’ என்று கேட்பார்கள். நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஆயிரம் ரூபா என்ற கோரிக்கைக்காக ஆண்டுக்கணக்காக மன்றாடி 2021இல் அதைப் பெற்றோம். 2024 செப்டெம்பரில் அது 1,350 என வர்த்தமானியில் வந்தது. ஒவ்வொரு நூறு ரூபாவுக்கும் பட்ட பாடு நமக்குத் தெரியாததன்று. ஆனால் சம்பளப் போராட்டம் முடிந்தபின்தான் மற்றவை என்று காத்திருந்தால் கல்வி வந்திராது, பிரசாவுரிமை வந்திராது. 1948இல் பறிபோன பிரசாவுரிமையின் கடைசி முடிச்சு 2003இல்தான் அவிழ்ந்தது. இடைப்பட்ட 55 ஆண்டும் நம் முன்னோர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் காத்திருக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பதும் 1984இல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம், பெண் குறைவாகவே பெற வேண்டும் என்பது மலையும் மழையும் போல இயற்கையானது என்றே எண்ணப்பட்டது. இன்று அப்படி எவரேனும் பேசினால் பிரட்டுக்களத்தில் நின்று திரும்ப முடியாது.

வேறொரு முணுமுணுப்பும் உண்டு. அது சபையில் எழாது. கோயில் திருவிழா முடிந்து திரும்பும் வழியில் எழும். ‘பெண்பிள்ளை அரைக்காற்சட்டையோடு ஊர் பார்க்க ஓடுவதா?’ இதை நம் பண்பாடு என்கிறார்கள். இது எங்கிருந்து வந்த சரக்கு என்று சற்றே தேடிப் பார்த்தோம். இங்கிலாந்தில் பிறெஸ்ரன் என்னும் ஊரில் டிக், கேர் என்றொரு தொழிற்சாலை இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கே வேலைக்கு வந்த பெண்கள் இடைவேளையில் பந்தாடத் தொடங்கி, ஓர் அணியே அமைத்துவிட்டார்கள். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி லிவர்பூல் நகரில் அவர்களுடைய ஆட்டத்தைக் காண வந்தோர் 53,000 பேர். நுழைவுப் பணம் தருமத்துக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு, 1921 டிசம்பர் 5ஆம் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்துப் பெருந்தனக்காரர்கள் கூடி, இவ்வாட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று எனத் தீர்மானித்து, தங்கள் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு அடைத்தார்கள். அவ்வடைப்பு நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டாயிற்று.

அதே 1921இல்தான் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடிந்தது. இன்று உலகமே வந்து படம் பிடிக்கும் பாலம். ஒரு கையால் நம் மலையில் இரயில் பாதை போட்டு, நம் பாட்டிமார் பறித்த கொழுந்தை ஏற்றிச் சென்ற சீமைக்காரர், மறு கையால் தம் நாட்டுத் தொழிற்சாலைப் பெண்களை ஆட்டக்களத்திலிருந்து விரட்டினர். அந்தத் தடையை அவர்களே கைவிட்டுவிட்டார்கள். நாம் மட்டும் அதைத் தமிழ்ப் பண்பாடு என்று பெயரிட்டுப் பொன்போலப் போற்றிக்கொண்டிருக்கிறோம். தலையில் கயிற்றை மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிட்டு, முழங்கால் மேலே தெரியச் சேலையைச் செருகிக்கொண்டு சரிவில் ஏறும் தாயைப் பார்த்து எவரும் பண்பாடு பேசுவதில்லை. அவள் உழைப்பு பிறருக்குப் போகிறது. அதனால் பண்பாடு வாய் மூடி நிற்கிறது. மகள் தனக்காக ஓடும்போதுதான் அது வாய் திறக்கிறது.

உலகமெங்கும் முழுப் பேர் வந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டு ஆண்கள் உலகக் கிண்ணத்துக்கு ஒதுக்கிய பரிசுத் தொகை 440 மில்லியன் டொலர். 2023ஆம் ஆண்டு பெண்களுக்கு ஒதுக்கியது 110 மில்லியன். அரைப் பேர்கூட இல்லை, கால் பேர். எனினும் திசை மாறிவிட்டது. அமெரிக்காவில் ஆண், பெண் தேசிய அணிகளுக்குச் சம ஊதியம் என்ற உடன்பாடு 2022இல் கைச்சாத்தானது. பார்சலோனாவின் நடுக்களத்தில் ஆடும் அயித்தானா பொன்மத்தி, உலகின் சிறந்த வீராங்கனைக்குரிய தங்கப்பந்து விருதை 2023, 2024, 2025 என மூன்று ஆண்டும் தொடர்ந்து பெற்றார். நடுக்களத்தில் நிற்பவளுக்குப் பெயர் கிடையாது என்று மேலே எழுதினோம். எழுதிய கையாலேயே இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

இலங்கையின் நிலைக்கு வருவோம். 2012ஆம் ஆண்டு தெற்காசியப் பெண்கள் போட்டி கொழும்பிலேயே நடந்தது. அதன்பின் பெண்கள் ஆட்டம் வளர்ந்திருக்க வேண்டும். வளர்ந்தது நிருவாகச் சண்டை. வெளித் தலையீட்டைக் காரணங்காட்டி உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தி, ஆகஸ்டில்தான் தடையை நீக்கியது. பெரிய மனிதர் நாற்காலிக்கு அடித்துக்கொண்ட ஏழு மாதமும், ஆடும் பிள்ளைகளுக்குச் சர்வதேசக் களம் இல்லை. இவ்வளவுக்கும் நடுவே, யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் வெற்றி பெற்று, தேசிய அணி வரை சென்று காட்டினார்கள். போரால் இடம்பெயர்ந்து மீண்ட ஊர் அது. அங்கே முடிந்தது எல்லவில் ஏன் முடியாது? ஒரு பாடசாலை, விடாமல் நிற்கும் ஒரு பயிற்சியாளர், பெண்களை அனுப்பத் துணிந்த பெற்றோர். தொடக்கத்துக்கு இவ்வளவும் போதும்.

தொடர்ச்சிக்குத்தான் போதாது. பாடசாலை முடிந்தபின் நம் நாட்டில் ஆடும் பெண்களைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள். மலையகத் தமிழ்ப் பெண்ணுக்கு அவ்வழி எவ்வளவு தூரம் என்பதை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. ஆனால் பொலிஸ் வழி உண்டு. தமிழ் தெரிந்த பெண் பொலிசார் பதுளை மாவட்டத்து நிலையங்களில் எத்தனை பேர் என்று, முறைப்பாடு கொடுக்கப் போய் மொழி தெரியாமல் திரும்பிய எந்தத் தாயையும் கேளுங்கள். ஆட்டக்காரிகளுக்கு ஒதுக்கீடு வைத்து மலையகத்தில் ஆள் எடுத்தால், நிலையத்துக்குத் தமிழும் கிடைக்கும், அணிக்கு நடுக்களமும் கிடைக்கும். தமிழ்நாட்டுப் பொலிஸ் துறை இந்துமதியைச் சேர்த்துக்கொண்டதால் தரம் தாழ்ந்துவிடவில்லையே!

தோட்டக் கம்பெனிகளிடமும் ஒரு கேள்வி. அலுவலகம், தொழிற்சாலை, மருந்தகம், பிள்ளை மடுவம் என எத்தனையோ இடங்களுக்கு ஆள் எடுக்கிறீர்கள். வட்டாரத்துக்கு நான்கு பெண்களை ஆட்டக்காரிகள் என்றே எடுத்து, போட்டி நாள்களுக்கும் முழுப் பேர் போட்டால் உங்கள் கணக்கு எவ்வளவு குறைந்துவிடும்? மாதந்தோறும் தொழிலாளியின் சம்பளத்தில் சந்தா வெட்டிக்கொண்டு வந்த தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் எத்தனையோ நிபந்தனைகளை வைத்தன. ஆட்டக்காரிக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்ற ஒருவரி நிபந்தனை என்று வைக்கப்பட்டது?

லயத்தில் பிறந்து, இன்று ஆசிரியராக, கணக்காளராக, வழக்கறிஞராக, வைத்தியராக உயர்ந்திருக்கும் அன்பர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 2023ஆம் ஆண்டில் மலையகம் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தபோது நீங்கள் உணர்ச்சியோடு பேசினீர்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களும் உங்களில் இருக்கலாம். நீங்கள் படித்த பாடசாலையில் பெண்கள் அணி இருக்கிறதா என்று ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். பயிற்சி முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைகளைத் தோட்டச் சந்தி வரை கொண்டுவந்து விட ஓர் ஆட்டோவின் மாத வாடகை எவ்வளவு என்று விசாரியுங்கள். நாம் அறிந்தவரை, பெண்பிள்ளைகள் அணியை விட்டு நிற்பதற்குப் பெற்றோர் சொல்லும் முதற் காரணம் பண்பாடு அன்று. அந்த இருட்டு வழி.

ஊவாவில் 2026ஆம் ஆண்டுப் பாடசாலைப் போட்டிகளுக்கு இம்முறை எத்தனை தோட்டப் பாடசாலைகள் பெண்கள் அணியைப் பதிவு செய்கின்றன என்பதை நாம் பார்த்திருப்போம். அதிபர்கள் பெயர் கொடுக்கட்டும். ஒன்றே முக்கால் ஏக்கருக்கான மனுவையும் அதே கையோடு வலயக் கல்வி அலுவலகத்தில் சேர்க்கட்டும்.